வீட்டில் ஒலிப்பதிவு அறை அமைத்தல்: சீமெந்துச் சுவரின் எதிரொலியும் மின் இரைச்சலும்

கேள்வி: கண்டாவளை ஆசிரியை

கள உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம் வசிக்கும் சங்கீத ஆசிரியை. மருதனார்மடத்தில் இசை படித்து, இப்போது பாடசாலையிலும் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் ஊரிலும் அயல் ஊர்களிலும் சிந்துநடைக் கூத்தைத் தொடக்கத்திலிருந்து மங்களம் வரை மனப்பாடமாகப் பாடக்கூடிய, கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் வயது போனவர்கள். இடப்பெயர்வுகளில் கூத்துக் கொப்பிகளும் பழைய கசற்றுகளும் கைவிட்டுப் போய்விட்டபடியால், அவர்களின் நினைவில் இருப்பதுதான் இப்போது எங்களிடம் மிஞ்சியுள்ள பிரதி. அவர்களுடைய பாட்டையும் என் மாணவர்களின் பாட்டையும் நல்ல தரத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காக வீட்டில் ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறேன்.

அது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டின் முன்னறை. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. கூரையின் சராசரி உயரம் 9 அடி வரும். பூசிய சீமெந்துக் கல் சுவர், சீமெந்து நிலம், மேலே அஸ்பெஸ்டஸ் சீற், சீலிங் அடிக்கவில்லை. ஒரு கதவும் இரண்டு யன்னல்களும் உள்ளன. கைவசம் இருப்பவை ஒரு மடிக்கணினி, யூஎஸ்பியில் நேரே செருகும் கொண்டென்சர் ஒலிவாங்கி ஒன்று, சாதாரண ஹெட்போன் ஒன்று.

இதுவரை செய்து பார்த்த பதிவுகளில் மூன்று குறைகள் தெரிகின்றன. முதலாவது, பாடுபவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. இரண்டாவது, பாட்டு நிற்கும் இடங்களில் "ம்ம்" என்ற ஓர் இரைச்சல் தொடர்ந்து ஓடுகிறது. மூன்றாவது, பிள்ளைகள் ஹெட்போனில் தங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு பாடும்போது அது சற்றுப் பிந்தி வருவதால் தாளம் தடுமாறிப் போகிறது.

நகரத்துக் கடையொன்றில் விசாரித்தபோது, விலை கூடிய பெரிய கொண்டென்சர் ஒலிவாங்கி ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். நான் சேர்த்து வைத்திருக்கும் பணம் அதற்கு மட்டும்தான் போதும். அதை வாங்குவதா, வேறு எதிலாவது செலவிடுவதா என்பதே என் முதன்மையான கேள்வி. மின்வெட்டையும் மாரி மழையையும் எப்படிச் சமாளிப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: வவுனியா ஒலிப்பதிவாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வவுனியாவில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை நடத்துகிறேன். கடையில் சொன்ன ஒலிவாங்கியை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் திடமான கருத்து. நீங்கள் எழுதியிருக்கும் முதலாவது குறை அறையினுடையது. உணர்திறன் கூடிய ஒலிவாங்கி அந்த எதிரொலியை இன்னும் துல்லியமாகப் பிடித்துத் தருமே தவிர, அதைப் போக்காது.

அறைக்குள் ஒலி எவ்வளவு நேரம் நின்று அடங்குகிறது என்பதை முதன்முதலில் கணக்கில் கொண்டுவந்தவர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபைன். அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்காமற் போனதால், 1895 இல் அதைத் திருத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அயலில் இருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, மெத்தைகள் கூடக்கூட ஒலி எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று அளந்தார். திறந்த யன்னல் வழியாக வெளியே போன ஒலி திரும்பி வராது என்பதால், திறந்த யன்னலின் பரப்பையே உறிஞ்சலுக்கு அலகாக வைத்தார். அவருடைய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவைக் கன மீற்றரில் எடுத்து 0.161 ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரம் செக்கனில் கிடைக்கும்.

உங்கள் அறையின் கன அளவு ஏறத்தாழ 31 கன மீற்றர்; சுவர், நிலம், கூரை எல்லாம் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 59 சதுர மீற்றர். பூசிய சீமெந்து தன் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். எனவே அறை வெறுமையாக இருந்தால் ஒலி அடங்குவதற்குக் கணக்கின்படி 3 செக்கன் வரை ஆகும். குரல் பதிவுக்கு அது அரைச் செக்கனுக்கு அண்மையில் வர வேண்டும். அதற்குச் சுமார் 9 அல்லது 10 சதுர மீற்றர் பரப்புக்குத் தடிப்பான உறிஞ்சும் பொருளை அறைக்குள் கொண்டுவந்தால் போதும். சுவர் முழுவதையும் மூட வேண்டியதில்லை.

பொருளுக்குக் கொழும்புக்குப் போகவும் வேண்டாம். கண்ணாடி நார்ப் பலகையோ றொக்வூலோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், மெத்தை செய்பவர்களிடம் வாங்கக்கூடிய தென்னந்தும்பே தாராளமாகப் போதும். 4 அடிக்கு 2 அடி அளவில், 4 அங்குல ஆழமுள்ள மரச்சட்டங்கள் எட்டு அடிப்பியுங்கள். பின்பக்கத்துக்குக் கோழிக்கூட்டு வலை அடித்து, தும்பை உதிர்த்துச் சமமாக நிரப்பி, முன்பக்கத்தைப் பருத்தித் துணியால் இழுத்து மூடுங்கள். துணி, வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போகக்கூடியதாக இருக்க வேண்டும். றெக்சீனோ தறப்பாளோ போர்த்தினால் மேல்ஸ்தாயி ஒலிகள் உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். தும்பைக் கல்லுப்போல் இறுக்கி அடைக்கவும் கூடாது. சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் 4 அங்குலம் விலக்கித் தொங்கவிடுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துணிக்கைகளின் அசைவு மிகக் குறைவு. விலகிய இடத்தில்தான் அசைவு கூடும், அந்த அசைவைத் தும்பு உராய்ந்து வெப்பமாக மாற்றுவதால்தான் ஒலி அடங்குகிறது. எனவே செலவில்லாத அந்த நாலு அங்குல இடைவெளி, இன்னும் தாழ்ந்த சுரங்கள் வரை சட்டத்துக்கு வேலை கொடுக்கும். இவற்றோடு பழைய ஒற்றைத் தும்பு மெத்தைகள் இரண்டை இரு மூலைகளில் குறுக்காக நிறுத்திவிட்டால், மேலே சொன்ன பரப்பு நிறைவாகிவிடும்.

முட்டை அட்டைகளை ஒட்டச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த மெல்லிய அட்டை மேல்ஸ்தாயியில் சிறிதளவு வேலை செய்யும். குரலின் உடல் இருக்கும் பகுதியில் அதனால் பயன் இல்லை. மெல்லிய திரைச்சீலைகளும் அப்படித்தான்: சகரமும் தாளத்தின் ஜிங்காரமும் மங்கிப்போகும், கீழே உள்ள முழக்கம் அப்படியே இருக்கும். வைக்கோல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதை அடைக்கவும் வேண்டாம். பூச்சியும் எலியும் வரும், தீப்பிடிக்கும் ஆபத்தும் கூடுதல்.

சட்டங்களை எங்கே தொங்கவிடுவது என்பது அவற்றின் எண்ணிக்கையைவிட முக்கியமானது. கார்டியொயிட் வகை ஒலிவாங்கி தனக்கு முன்னால் இருப்பதைத்தான் கூடுதலாகக் கேட்கும். அதற்கு முன்னால் பாடுபவர் இருக்கிறார். அவருடைய முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பும் ஒலி நேரே ஒலிவாங்கியின் வாய்க்குள் வருகிறது. எனவே முதல் மூன்று சட்டங்கள் பாடுபவரின் முதுகுப் பக்கத்துக்கு. அடுத்து இரு பக்கச் சுவர்களிலும் இரண்டிரண்டு. எட்டாவதைப் பாடுபவரின் தலைக்கு மேலே கிடையாகத் தொங்கவிடலாம். ஆனால் அதற்காகச் சீற்றில் துளை போடாதீர்கள். அஸ்பெஸ்டஸ் தூசு நுரையீரலுக்குக் கேடு. மரச் சிலாகையில் அல்லது சுவருக்குச் சுவர் கட்டிய கம்பியில் தொங்கவிடுங்கள்.

பாடுபவரை அறையின் நட்ட நடுவிலும் மூலையிலும் இருத்த வேண்டாம். எங்கள் வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 348 மீற்றர் செல்லும். 12 அடி நீளத்தில் 48 ஹேர்ட்ஸ் அளவிலும், 10 அடி அகலத்தில் 57 ஹேர்ட்ஸ் அளவிலும் அறை தானாகவே ஒலித்துக்கொள்ளும். அவற்றின் இரட்டிப்பான 95, 114 ஹேர்ட்ஸ் ஆண்குரலின் அடிப்பகுதியிலும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்திலும் வந்து விழுகின்றன. மூலையில் இந்தச் சுரங்கள் பெருகும். நடுவில் சில வீங்கும், சில காணாமற் போகும். நீளப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருந்து பாட வைத்துத் தொடங்குங்கள். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண். தூரத்தை இரட்டிப்பாக்கினால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் ஒலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கும் என்பதை நினைவில் வைத்தால், அண்மையில் இருந்து பாடுவதன் அருமை விளங்கும்.

குரல் பிந்தி வருவதற்கு விடை எளியது. கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்தே கையாள்கிறது. 48 கிலோஹேர்ட்ஸில் 1024 மாதிரிகள் கொண்ட ஒரு கட்டு 21 மில்லிசெக்கன். உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்ந்தால் அது இரட்டிப்பாகும். பதிவின்போது 128 ஆகக் குறைத்தால் கட்டு ஒன்றுக்கு 2.7 மில்லிசெக்கன்தான். ஒலிவாங்கியிலேயே ஹெட்போன் துளை இருந்தால் அதில் நேரே கேட்பது எல்லாவற்றிலும் நல்லது. கணினியைச் சுற்றி வராததால் தாமதமே இராது. மென்பொருளுக்கு ரீப்பரைப் பாருங்கள்: 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டொலர், பழைய மடிக்கணினியிலும் இலகுவாக ஓடும். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ் என்று வைத்து, உச்சம் −12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி அளவைப் பிடியுங்கள். 24 பிற்றில் கீழே இடம் தாராளம்; சிவப்பு விளக்கு எரியும் வரை ஏற்றவேண்டிய தேவை எந்தப் பாட்டுக்கும் இல்லை.

பதில்: மல்லாவி மின்னியலாளர்

வணக்கம். அறையைப் பற்றி அண்ணர் விரிவாகச் சொல்லிவிட்டார். நான் இரைச்சலைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பற்றறியில் ஒரு நிமிடம் மௌனத்தைப் பதிவு செய்து பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் சார்ஜரும் வீட்டின் ஏர்த்தும். எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஏர்த் சரியில்லாத இடத்தில் 50, 100, 150 ஹேர்ட்ஸ் என்று அதன் அடுக்குகள் ஒலிப்பதிவுக்குள் கசியும். பிளக் பேஸில் மூன்று துளைகள் இருப்பதாலேயே ஏர்த் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வன்னியில் திருத்திய வீடுகள் பலவற்றில் ஏர்த் கம்பி பேஸ் வரை வந்து, வெளியே நிலத்தில் அடித்த குற்றியில் துருப்பிடித்து அறுந்திருப்பதை வேலைக்குப் போகும் இடங்களில் அடிக்கடி காண்கிறேன். கோடையில் மண் காய்ந்தால் ஏர்த்தின் தடை இன்னும் ஏறும். தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு குற்றியையும் இணைப்பையும் அளவிடுவித்து, ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்பதையும் பார்ப்பியுங்கள். இரைச்சல் போவதற்காகப் பிளக்கின் ஏர்த் முனையை வெட்டிவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். பிள்ளைகள் கையில் ஒலிவாங்கி பிடிக்கும் அறையில் அது உயிராபத்து.

சார்ஜரைக் கழற்றியும் இரைச்சல் நிற்காவிட்டால், வேகக் கட்டுப்பாட்டுக் குமிழ் வைத்த மின்விசிறி, மலிவான எல்ஈடி விளக்கு, மேசையில் கிடக்கும் கைத்தொலைபேசி என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பின்னர் ஒலிபெருக்கிகள் வாங்கினால், அவற்றையும் கணினியையும் ஒரே பலகையில் செருகுங்கள்; வெவ்வேறு சுவர்ப் பேஸ்களில் செருகினால் இரண்டு ஏர்த் பாதைகளுக்கு இடையே மின் சுழன்று புதிய இரைச்சல் பிறக்கும்.

மின்வெட்டுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மடிக்கணினிக்குப் பற்றறி உண்டு; யூஎஸ்பி ஒலிவாங்கியும், சாதாரண ஒலிவாங்கிகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்பேஸும் அதிலிருந்தே மின்னை எடுக்கும். பற்றறி களைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், யூபிஎஸ் வாங்குவதைவிட அது நன்று. மலிவான யூபிஎஸ்கள் பற்றறிக்கு மாறியபின் சைன் அலைக்குப் பதிலாகச் சதுர அலையைத் தருவதால், பதிவுக்குள் புதிதாக ஒரு கரகரப்பு வரலாம். அண்ணாவியார் பாடிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனாலும் பற்றறியில் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது மின்விசிறியும் நின்று, அயல் வீட்டுத் தண்ணீர்ப் பம்பும் நின்று, வேறு எந்த நேரத்திலும் கிடைக்காத அமைதி கிடைக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி கூடுதல். முழக்கம் கேட்கத் தொடங்கியதும் எல்லாச் செருகிகளையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

பதில்: முல்லைத்தீவுக் கூத்து ஆர்வலர்

தங்கச்சிக்கு வணக்கம். வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் கூத்துக் கேட்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மேலே இரண்டு பேரும் சொன்னவை பிள்ளைகளின் பாட்டுக்கு முழுவதும் பொருந்தும். அண்ணாவிமாரைப் பதிவு செய்யும்போது வேறு சிலவற்றையும் கருத வேண்டும்.

சினிமாப் பாட்டுப் போல ஒவ்வொருவராகத் தனித்தனியே பாட வைத்து, பிறகு அடுக்கிச் சேர்க்க முயல வேண்டாம். கூத்துப் பாட்டில் அண்ணாவியார் ஓரடியை எடுத்துவிட, பிற்பாட்டுக்காரர் அதை ஏந்திக்கொள்ளும் இடத்தில்தான் உயிர் இருக்கிறது. அடுத்த அடியை எப்போது எடுப்பது என்பதை அவர்களின் மூச்சைப் பார்த்தே அவர் முடிவு செய்கிறார். தாளமும் உணர்ச்சிக்கேற்ப இறுகும், தளரும். ஹெட்போனை மாட்டிவிட்டு, கணினியின் "டிக் டிக்" ஒலிக்குப் பாடச் சொன்னால் பாட்டு வரும், கூத்து வராது. ஆர்மோனியமும் மிருதங்கமும் பிற்பாட்டும் கூட இருக்க, எல்லோரையும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி அரைவட்டமாகப் பாயில் இருத்துங்கள்.

அதற்கு இரண்டு ஒலிவாங்கிகள் வேண்டும்: ஒன்று அண்ணாவியாருக்கு, மற்றது பிற்பாட்டுக்காரருக்கு. அண்ணாவியாரின் வாய்க்கும் அவருடைய ஒலிவாங்கிக்கும் இடையே 20 சென்ரிமீற்றர் என்றால், மற்ற ஒலிவாங்கி அதிலிருந்து குறைந்தது 60 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். இந்த ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் குறைந்தால் ஒரே குரல் இரண்டிலும் சற்று முன்பின்னாகப் பதிந்து, சேர்க்கும்போது ஒலி வெறுமையாகிவிடும். மிருதங்கக்காரரை அண்ணாவியாரின் ஒலிவாங்கிக்கு நேர் பின்னால் இருத்துங்கள்; கார்டியொயிட் ஒலிவாங்கியின் செவிட்டுப் பக்கம் அதுதான். ஆர்மோனியம் பிற்பாட்டுப் பக்கம் இருக்கலாம். ஆனால் அதன் துருத்தியின் காற்று ஒலிவாங்கியில் படாமலும், கட்டைகள் தட்டுப்படும் ஒலி நேரே போகாமலும் இரண்டு அடி உயரத்தில் இருந்து பிடிக்க வேண்டும். உடுக்குக்கும் பறைக்கும் அந்த அறை காணாது. அவற்றை முற்றத்துக்குக் கொண்டு போங்கள்.

முற்றம் என்றதும் நினைவுக்கு வருவது: எல்லாவற்றையும் அறைக்குள்ளேதான் பதிவு செய்ய வேண்டும் என்றில்லை. சுவர் இல்லாத இடத்தில் எதிரொலியும் இல்லை. கூத்தும் திறந்த வெளியில் இரவில் பாடப்படுவதற்காக அமைந்ததே. சோளகக் காற்று வீசும் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வெளியில் பதிவு செய்வது சிரமம்; மாரியில் தவளையும் மழையும். மழை ஓய்ந்தபின், தை பிற்பகுதி தொடக்கம் பங்குனி வரையுள்ள இரவுகள் நல்லவை. பஞ்சு உறையோடு மயிர் போர்த்திய காற்றுத் தடுப்பு ஒன்று ஒலிவாங்கிக்கு வேண்டும். சில்வண்டின் ஒலி சற்று இருந்தால் இருக்கட்டும்; அது பாட்டைக் கெடுக்காது.

சீற் கூரையில் மழை விழும்போது பதிவு செய்ய வழியில்லை. அதைத் தடுக்கும் அளவுக்குக் கூரையைப் பாரமாக்குவதென்றால் வீட்டின் பாதி விலை வரும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பதிவைத் தவிர்த்து, அந்த மாதங்களைத் தொகுப்பு வேலைக்கும் பாட்டுகளை எழுத்தில் இறக்குவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும்: கண்டாவளை ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒலிவாங்கி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். சார்ஜரைக் கழற்றிப் பார்த்தபோது இரைச்சல் உண்மையிலேயே நின்றுவிட்டது, மின்னியலாளர் ஒருவரிடம் ஏர்த்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சில ஐயங்கள் உண்டு. எங்கள் பக்கம் கறையான் கடுமை. தும்புச் சட்டங்கள் தாக்குப்பிடிக்குமா? யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தினால் நண்பகலில் அந்த அறையில் எழுபது வயதுக்காரர் ஒருவரை இருத்த முடியாதே? ஓர் அண்ணாவியாரின் ஆர்மோனியம் என் கீபோர்ட்டோடு சேரவில்லை. எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? கடைசியாக, கையில் உள்ள பணத்தை எந்த ஒழுங்கில் செலவிடுவது?

பதில்: வவுனியா ஒலிப்பதிவாளர்

தும்பைச் சட்டத்தில் அடைக்குமுன் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். சட்டம் நிலத்திலும் சுவரிலும் படாமல் கம்பியில் தொங்குவதால் கறையான் ஏறுவதற்கு வழி குறைவு. மூலை மெத்தைகளை மட்டும் செங்கல்லின் மேல் நிறுத்தி, மாதத்துக்கு ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். மின்வயரும் சூடாகும் விளக்கும் தும்புக்கு அருகில் இருக்கக் கூடாது.

நண்பகலில் பதிவு வேண்டாம். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் சீற் விரிந்து சுருங்கி முறியும் ஒலி வேறு பதிவில் விழும். வயதானவர்களின் குரல் விடியற்புறத்தைவிடப் பொழுதுபட்ட பின்னரே நன்றாகத் திறப்பதைக் கண்டிருக்கிறேன். கூத்தாடிப் பழகிய தொண்டைக்கு அதுவே பழக்கமான நேரமும். ஏழு மணிக்குப் பின் யன்னல்களைத் திறந்தே வைத்துப் பதிவு செய்யுங்கள். வீதியிலும் வயலிலும் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தால், சபைனின் கணக்குப்படி திறந்த இரண்டு யன்னல்களும் உங்களுக்குச் செலவில்லாத இரண்டு உறிஞ்சும் சட்டங்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விட்டு, அப்போது விசிறியைப் போட்டுத் தேநீர் கொடுங்கள்.

ஆர்மோனியத்தை மாற்ற வேண்டாம். அதன் நாக்குகளைத் தொட்டுச் சுருதி திருத்தத் தெரிந்தவர்கள் அரிது. அண்ணாவியாரின் தொண்டையும் பல்லாண்டாக அந்தச் சுருதியில்தான் நிற்கிறது. கீபோர்ட்டில் சுருதியை நுண்ணளவில் ஏற்றி இறக்கும் வசதி இருக்கும். ஆர்மோனியத்தின் மத்திம ஸ்தாயி சட்ஜத்தை ஒலிக்கவிட்டு, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது கேட்கும் அலையடிப்பு நிற்கும் வரை கீபோர்ட்டின் சுருதியை நகர்த்துங்கள். அந்த அளவை அண்ணாவியாரின் பெயரோடு எழுதி வைத்தால் அடுத்த முறை இலகு.

பணத்தைப் பொறுத்தவரை முதலில் ஏர்த், அடுத்து தும்புச் சட்டங்கள். மிச்சத்தில் இரண்டு உள்ளீடுகள் கொண்ட இன்டர்பேஸ் ஒன்று. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்றது போதும். அதனோடு ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் ஒலிவாங்கி ஒன்று வாங்கி, அண்ணாவியாருக்கு வையுங்கள். 1966 இல் வந்த அந்த ஒலிவாங்கி ஈரப்பதத்துக்கும் விழுந்து எழும்புவதற்கும் அஞ்சாது. தூரத்து ஒலிகளைக் குறைவாகப் பிடிப்பதால் திருத்தம் முடியாத அறையிலும் கைகொடுக்கும். பிற்பாட்டுக்கு இரண்டாவது ஒலிவாங்கியைப் பிறகு வாங்கலாம். அதுவரை இரவலாகக் கேட்டால் கோயில் ஒலிபெருக்கிக்காரரிடமே நல்ல டைனமிக் ஒன்று இருக்கும். இப்போதுள்ள யூஎஸ்பி கொண்டென்சரை விற்க வேண்டாம். மாணவர்களின் தனிப்பாட்டுக்கு அது நன்று. மாரியில் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் புகுந்தால் கொண்டென்சர் படபடக்கத் தொடங்கும். பெரிய ஒலிபெருக்கிகள் கடைசி. அந்த அளவு அறையில் முதல் ஆண்டு மூடிய வகை ஹெட்போனே நம்பத்தக்கது. யூடியூபில் ஏற்றும்போது முழு உரப்பையும் −14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவில் விட்டால் போதும். அதைவிட உரப்பாக்கினால் அவர்களே குறைத்துவிடுவார்கள், நசுங்கிய குரல்தான் மிச்சமாகும்.

பதில்: முல்லைத்தீவுக் கூத்து ஆர்வலர்

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில் இரண்டு தடங்கள் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைற் பிடிக்கும். விடிய விடியப் பாடும் ஒரு கூத்து 8 ஜிகாபைற்றுக்குள் அடங்கிவிடும். எனவே இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக எம்பி3 ஆகப் பதிவு செய்யாதீர்கள். மூலப் பதிவு வேவ் கோப்பாகவே இருக்கட்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அண்ணாவியாரே தம் பெயரையும் ஊரையும், யாரிடம் கூத்துப் பழகினார் என்பதையும், அன்றைய திகதியையும் தம் வாயால் சொல்லட்டும். கோப்பின் பெயர் மாறினாலும் அந்தக் குரல் கூடவே இருக்கும். வெளியிடுவதற்கு அவருடைய சம்மதத்தையும் அங்கேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். சில வழிபாட்டுப் பாடல்களைப் பொதுவில் விட வேண்டாம் என்று அவர்கள் சொல்வதுண்டு, அதை மதிக்க வேண்டும்.

பிரதியொன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வெளி வன்தட்டில், மூன்றாவது இணையத்தில். 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் பாதுகாத்து வருகிறது. அண்ணாவிமார் சம்மதித்தால் அவர்களோடு தொடர்பு கொள்ளுங்கள். எழுபதைத் தாண்டியவர்களின் பாட்டைச் சட்டங்கள் முடியும் வரை தள்ளிப்போட வேண்டாம். முற்றத்தில் பாய் விரித்து, கையில் உள்ள ஒலிவாங்கியிலேயே ஒரு முழுப் பிரதியை இப்போதே எடுத்துவிட்டு, அறை முடிந்தபின் அதே பாட்டைத் திரும்பவும் பாடுவியுங்கள்.